துறைமுகக் கணக்கும் தொழிற்சாலையும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. இல்லறத்துக்குச் சொன்ன இவ்வறிவுரை நாட்டின் வாழ்வுக்கும் பொருந்தும். கடல் கடந்து வந்து நம் துறைமுகங்களில் இறங்கும் பண்டங்கள் யாவும் அளக்கப்படுகின்றன, எண்ணப்படுகின்றன, மதிப்பிடப்பட்டு ஏட்டில் பதியப்படுகின்றன. இவ்வாறு அளந்த கணக்கு யார் கைக்குப் போய்ச் சேருகிறது? அதே பண்டத்தை இந்நாட்டில் செய்து பிழைப்பவனுக்கு அது எட்டுகிறதா? எட்டினாலும் உரிய காலத்தில் எட்டுகிறதா? எளியவையாகத் தோன்றும் இக்கேள்விகளுக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. அதனையே நாம் இங்குச் சுருக்கமாகக் காண விரும்புகிறோம்.

வரிக்காக எழுதிய ஏடு

வருகிற சரக்கைக் கணக்கிடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. கௌடிலியரின் அர்த்த சாஸ்திரத்தில் சுங்க அதிகாரியின் கடமைகளைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. வணிகர் யார், எங்கிருந்து வந்தனர், எவ்வளவு சரக்குக் கொணர்ந்தனர், முத்திரை எங்கே இடப்பட்டது என்று சுங்கச் சாவடியில் நால்வர் ஐவராக அமர்ந்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று அது விதிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து கரையேறிய பண்டங்களுக்கும் கரையிலிருந்து கடலேறிய பண்டங்களுக்கும் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. எனினும் இந்தக் கணக்குகள் யாவும் அரசன் வரி பெறுவதற்காக எழுதப்பட்டவை. அவற்றை ஊர்க் கொல்லனும் நெசவாளனும் படித்துப் பயன் பெற வேண்டும் என்று எவரும் கருதியதில்லை. கருதவேண்டிய தேவையும் அன்று எழவில்லை.

அந்தத் தேவையைத் தோற்றுவித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. நீராவியால் இயங்கும் ஆலைகள் இங்கிலாந்தில் பெருகின. அவை நெய்த துணி இந்தியக் கடைவீதிகளில் வந்து குவிந்தது. 1862-ஆம் ஆண்டில் கல்கத்தாவில், இந்திய சர்க்காரின் நிதி இலாகாவில், சிறியதொரு புள்ளிவிவரப் பிரிவு தொடங்கப்பட்டது. துறைமுகங்களிலிருந்து வரும் கணக்குகளை ஒன்றுகூட்டி ஆண்டுதோறும் பெரிய தொகுதிகளாக வெளியிடும் முறை படிப்படியாக நிலைபெற்றது. ஏடுகள் நேர்த்தியானவையே. ஆனால் அவற்றைப் புரட்டிப் பயனடைந்தவர் பெரும்பாலும் லண்டனிலும் மான்செஸ்டரிலும் இருந்தனர்.

பதினெட்டுத் தொகுதிகள்

இதற்குத் தெளிவான சான்று ஒன்று கூறுவோம். லண்டனில் இந்திய மந்திரி அலுவலகத்தைச் சார்ந்து, இந்தியாவின் விளைபொருள்களை ஆராய்ந்து அறிக்கை தரும் பதவி வகித்தவர் ஜான் போர்ப்ஸ் வாட்சன். அவர் 1866-இல் இந்தியத் துணிகளின் மாதிரிகளைப் பதினெட்டுத் தொகுதிகளாக அமைத்தார். எழுநூறு துணித்துண்டுகள் அத்தொகுதிகளில் ஒட்டப்பட்டிருந்தன. வேட்டி, சேலை, தலைப்பாகை முதலிய ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், எடை, நெய்யப்பட்ட ஊர், விலை ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. இருபது முழுத் தொகுப்புகள் ஆயத்தமாயின. பதின்மூன்று பிரிட்டனில் வைக்கப்பட்டன. ஏழு இந்தியாவுக்கு வந்தன.

நோக்கம் யாது? இந்திய மக்கள் எதை உடுக்கிறார்கள், எப்படி உடுக்கிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை ஆங்கில ஆலை முதலாளி தன் ஊரை விட்டு நகராமலே அறிந்துகொள்ள வேண்டும். அறிந்து, அதற்கேற்ற சரக்கை நெய்து அனுப்ப வேண்டும் என்பதே. இந்நூல் அக்காலத்தின் அரிய சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். நெய்தவன் கையிலிருந்த தகவல், அவனோடு போட்டியிடுபவன் மேசைக்குப் போயிற்று. போட்டியிடுபவனைப் பற்றிய தகவல் நெய்தவனுக்கு வரவில்லை. பஞ்சும் தறியும் போலவே தகவலும் தொழிலுக்கு ஒரு முதல் என்பதை அன்றைய வல்லரசு நன்கு உணர்ந்திருந்தது.

எண்களே சாட்சி

நம் நாட்டு அறிஞர்கள் அந்த ஏடுகளைத் தாமே படிக்கத் தொடங்கியபோது நிலைமை மாறலாயிற்று. தாதாபாய் நௌரோஜி சர்க்கார் வெளியிட்ட வர்த்தகக் கணக்குகளையே எடுத்துக்கொண்டு, இந்தியா அனுப்பும் பொருளின் மதிப்புக்கும் பெறும் பொருளின் மதிப்புக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஆண்டு ஆண்டாகக் கூட்டிக் காட்டினார். இந்திய வறுமையைப் பற்றிய அவருடைய பெருநூல் 1901-இல் வெளிவந்தது. மகாதேவ கோவிந்த ரானடே 1890-களில் புனாவில் கூடிய தொழில் மாநாடுகளில் அதே கணக்குகளை வேறொரு கோணத்தில் ஆராய்ந்தார். எந்தப் பண்டம் கச்சாப் பொருளாக வெளியே போகிறது, எது செய்பொருளாகத் திரும்பி வருகிறது என்று வகைப்படுத்தினார். சுதேசமித்திரனைத் தோற்றுவித்த ஜி. சுப்பிரமணிய ஐயரும் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி 1903-இல் ஆங்கிலத்தில் நூல் ஒன்று இயற்றினார்.

ஆட்சியாளர் சேர்த்த எண்கள் ஆட்சியாளருக்கு எதிராகவே சாட்சி சொல்லின. நௌரோஜியின் வாதத்தை மறுக்க முயன்றவர்கள் அவர் கூட்டிய முறையைக் குறை கூற முடிந்ததேயன்றி, அவர் எடுத்தாண்ட எண்களைத் தள்ளிவிட முடியவில்லை. அவை அவர்களே அச்சிட்டவை அல்லவா? கணக்கைப் பொதுவில் வெளியிடுவதன் வலிமையை அன்றுதான் நாடு கண்டது.

ஆனால் இவை அரசியல் வாதத்துக்குப் போதுமானவையாக இருந்தனவேயன்றி, பட்டறை நடத்துபவனுக்குப் போதுமானவையாக இல்லை. அவனுக்கு வேண்டியது கடந்த ஆண்டின் மொத்தக் கணக்கன்று. தன் பண்டத்தின் இன்றைய வரவும் இன்றைய விலையுமே.

வார இதழும் உலகப் போரும்

1905-இல் கர்ஸான் பிரபுவின் ஆட்சிக் காலத்தில் வர்த்தகத்துக்கும் கைத்தொழிலுக்கும் தனி இலாகா ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே வர்த்தகத் தகவல் அலுவலகம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் அது 'இந்தியன் டிரேட் ஜர்னல்' என்னும் வார இதழை வெளியிடலாயிற்று. தகவல் அலுவலகமும் புள்ளிவிவர அலுவலகமும் 1922-இல் ஒன்றாக இணைந்தன. இன்று வர்த்தகத் தகவல் புள்ளிவிவரத் தலைமை இயக்ககம் என்று வழங்கும் நிறுவனத்தின் பூர்வ வரலாறு இதுவே.

இதற்கிடையே 1914-இல் மூண்ட முதல் உலகப் போர், எந்த அறிக்கையும் கற்பிக்காத பாடத்தைக் கற்பித்தது. ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த செயற்கைச் சாயம் நின்றது. கைவிடப்பட்டிருந்த அவுரிச் சாகுபடி மீண்டும் தலைதூக்கியது. ஆஸ்திரியாவிலிருந்து வந்த கண்ணாடி வளையல் நின்றது. பிரோசாபாத்தின் உலைகள் கொழுந்துவிட்டு எரிந்தன. ஒரு பொருள் நின்ற பிறகுதான் அது எவ்வளவு வந்துகொண்டிருந்தது என்று நாடு விழித்துப் பார்த்தது. 1916-இல் சர் தாமஸ் ஹாலந்து தலைமையில் நியமிக்கப்பெற்று 1918-இல் அறிக்கை தந்த தொழிற் கமிஷன், வர்த்தகத் தகவலையும் தொழில் தகவலையும் உரியவருக்கு எட்டச் செய்வதைப் பற்றித் தனியே ஆராய்ந்தது. அத்தகைய வேலை சர்க்காரின் கடமைகளுள் ஒன்று என்ற எண்ணம் வேரூன்றியது.

விசாரணை மன்றத்தில் விலைக் கணக்கு

அந்த எண்ணம் செயலில் சோதிக்கப்பட்ட இடம் தீர்வை போர்டு. சர் இப்ராஹிம் ரஹிம்துல்லா தலைமை வகித்த நிதிக் கமிஷனின் 1922-ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1923-இல் இந்தப் போர்டு அமைந்தது. முதல் விசாரணை எஃகுத் தொழிலைப் பற்றியது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்பெனி செய்த எஃகு, வெளிநாட்டு எஃகின் விலைக்கு எதிரே நிற்க இயலாமல் தவித்தது.

போர்டு கைக்கொண்ட முறை எளிதில் விளங்கக்கூடியது. உள்நாட்டில் செய்பவனுக்கு நியாயமான இலாபத்துடன் கட்டுபடியாகும் விலை யாது என்று கண்டது. வெளிநாட்டுச் சரக்கு எந்த விலைக்கு வந்து இறங்கக்கூடும் என்று கண்டது. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வேண்டிய பாதுகாப்பின் அளவு கிடைக்கும். முதல் எண்ணை உற்பத்தியாளனின் கணக்குப் புத்தகம் தரும். இரண்டாவது எண்ணைத் துறைமுகக் கணக்கன்றி வேறெது தரும்? 1924-இல் எஃகுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் சட்டம் வந்த சிறிது காலத்துக்குள்ளேயே ஐரோப்பிய எஃகின் விலை மேலும் சரிந்தது. போர்டு கணித்த இறக்குமதி விலை பழங்கணக்காகிவிட்டது. மீண்டும் விசாரணை நடத்தி, உற்பத்திக்கு உதவித் தொகை வழங்கி ஈடு செய்ய நேர்ந்தது. விலை ஓடுகிற ஓட்டத்துக்குக் கணக்கும் உடன் ஓடாவிட்டால் நல்ல சட்டமும் பயன் தராது என்பது நம் தொழில் வரலாற்றின் தொடக்கத்திலேயே புலப்பட்ட உண்மை.

சர்க்கரையின் கதை இதனினும் வியப்புக்குரியது. 1930-ஐ ஒட்டி ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் சர்க்கரை, பெரும்பகுதி ஜாவாவிலிருந்து, இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 1932-இல் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. முப்பதை ஒட்டியிருந்த ஆலைகள் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்டுப் பெருகின. இறக்குமதி மிகச் சொற்பமாயிற்று.

தீக்குச்சியும் அத்தகையதே. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டிகளுக்கு 1922-இல் ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் என்று தீர்வை உயர்ந்தது. அவ்வாண்டிலேதான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இத்தொழிலைக் கற்கக் கல்கத்தாவுக்குச் சென்றனர். அவர்கள் திரும்பி வந்து தொடங்கிய தொழிலால் சிவகாசியின் பெயர் நாடெங்கும் பரவிற்று.

'மற்றவை' என்னும் மறைவிடம்

துறைமுகக் கணக்கு எவ்வாறு உருவாகிறது என்பதையும் சிறிது பார்ப்போம். இறக்குமதி செய்பவர் 'பில் ஆப் என்ட்ரி' என்னும் பத்திரத்தில் பண்டத்தின் பெயர், அளவு, மதிப்பு, அனுப்பிய நாடு ஆகியவற்றைக் குறித்துச் சுங்க அதிகாரிக்குத் தருகிறார். அங்கிருந்து அவ்விவரம் கல்கத்தாவுக்குப் போய், மற்றத் துறைமுகங்களின் விவரங்களோடு கூட்டப்பட்டு, மாதாந்தரப் பட்டியலாகிறது. பட்டியலில் ஒரு பண்டத்துக்கு எதிரே அளவும் மதிப்பும் இருக்கும். மதிப்பை அளவால் வகுத்தால் சராசரி விலை கிடைக்கும். மாதத்துக்கு மாதம் இந்த விலையை எழுதி வைத்துக்கொள்ளும் உற்பத்தியாளன் வரப்போகும் புயலை முன்கூட்டியே அறியலாம்.

இது பண்டத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டுமே முடியும். அலிகாரில் பூட்டுச் செய்யும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட அளவுள்ள பூட்டின் விலை. பட்டியலிலோ சிறியதும் பெரியதும், மலிவானதும் விலையுயர்ந்ததும் ஒரே தலைப்பில் கலந்து கிடந்தால், வகுத்துக் கிடைக்கும் சராசரி எந்தப் பூட்டின் விலையும் ஆகாது. அதனினும் கொடியது 'மற்றவை' என்னும் தலைப்பு. பெயரில்லாத பண்டங்கள் யாவும் அதற்குள் புகுந்து மறைந்துவிடுகின்றன. தன் தொழிலைக் கெடுக்கும் சரக்கு எங்கே இருக்கிறது என்று தேடும் சிறு உற்பத்தியாளன், பல சமயங்களில் இந்த ஒரு சொல்லின் முன்னே வந்து திகைத்து நிற்கிறான்.

சுதந்திர இந்தியா இக்குறையைப் போக்க முயன்றது. 1957-இல் இந்திய வர்த்தகப் பண்ட வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது. அது 1965-லும் 1977-லும் திருத்தப்பட்டது. 1987 முதல் உலக நாடுகள் பொதுவாக ஏற்ற இசைவு முறையைத் தழுவிய வகைப்பாடு வழங்குகிறது. இன்று ஒவ்வொரு பண்டத்துக்கும் எட்டு இலக்க எண் உண்டு. பெயர்கள் பல்கின, ஆயினும் 'மற்றவை' ஒழியவில்லை.

கதவு திறந்தபின்

சுதந்திரத்துக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் உள்நாட்டு உற்பத்தியாளனுக்குத் துறைமுகக் கணக்கு அவ்வளவு அவசரமாகத் தோன்றவில்லை. 1947-ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், லைசென்ஸ் இல்லாமல் பெரும்பாலான பொருள்கள் உள்ளே வர இயலாது. உள்நாட்டிலேயே கிடைக்கும் பொருளுக்கு லைசென்ஸ் கிடைப்பது அரிது. மதில் உயரமாக இருந்ததால், மதிலுக்கு அப்பால் யார் வருகிறார் என்று எட்டிப் பார்க்க வேண்டிய தேவை குறைந்தது. அம்மதில் திறமையைத் தூண்டவில்லை என்ற குறையும் உண்டு. அதனை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1991-இல் பொருளாதாரக் கொள்கை மாறியது. எஞ்சியிருந்த 715 பண்டங்களின் மீதான அளவுக் கட்டுப்பாடும் 2001 ஏப்ரல் முதல் தேதியன்று நீங்கியது. அப்போது நாடெங்கும் கவலை எழுந்தது. அரசாங்கம் மக்களின் வாழ்வோடு நெருங்கிய 300 பண்டங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் இறக்குமதியைத் தொடர்ந்து கண்காணித்தது. விவரங்களை வெளியிடவும் செய்தது. மதில் இறங்கிய இடத்தில் விளக்கு ஏற்றப்பட்டது எனலாம்.

தன் நாட்டில் விற்கும் விலையிலும் குறைத்து அயல்நாட்டில் விற்பதை 'டம்பிங்' என்பர். அதற்கு எதிராக இந்தியாவில் முதல் விசாரணை, பி.வி.சி. பிசினைப் பற்றி, 1990-களின் தொடக்கத்தில் நடந்தது. 1995-ஆம் ஆண்டின் விதிகளின்படி, இத்தகைய விசாரணை வேண்டும் உற்பத்தியாளர்கள் ஆதாரத்துடன் மனுச் செய்ய வேண்டும். எவ்வளவு சரக்கு வந்தது, எந்த விலைக்கு வந்தது, அதனால் தமக்கு நேர்ந்த தீங்கு என்ன என்று காட்ட வேண்டும். மனுவை வெளிப்படையாக ஆதரிப்போரின் உற்பத்தி, நாட்டின் மொத்த உற்பத்தியில் 25 சதவிகிதத்துக்குக் குறையலாகாது. இரண்டு மூன்று பெரிய ஆலைகள் உள்ள தொழிலுக்கு இது எளிது. ஆயிரம் பட்டறைகளாகச் சிதறிக் கிடக்கும் தொழிலுக்கோ, கணக்கைத் தேடிப் பெறுவதும் கடினம். கையொப்பங்களைச் சேர்ப்பதும் கடினம். சட்டம் இருவருக்கும் ஒன்றே. அதை எட்டிப் பிடிக்கும் கை மட்டும் ஒன்றாக இல்லை.

வெளிச்சமும் திரையும்

இங்கே எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். எந்த வியாபாரி யாரிடம், என்ன விலைக்கு, எவ்வளவு வாங்கினார் என்பது அவருடைய தொழில் இரகசியம். அதைப் பலர் அறியப் பரப்புவது அவருக்கு அநீதி. நம் ஏற்றுமதியாளரின் விலையும் இவ்வாறே அயல்நாட்டுப் போட்டியாளருக்குத் தெரிந்துவிடலாம். சுங்கத்திலிருந்து கசிந்த தனித்தனி விவரங்கள் விலைக்கு விற்கப்பட்ட காலமும் இருந்தது. ஆகவே 2022-இல் சுங்கச் சட்டத்தில் 135 ஏஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. இறக்குமதி ஏற்றுமதிச் சரக்கின் மதிப்பு, வகை, அளவு, வியாபாரியின் விவரம் ஆகியவற்றைச் சட்டப்படித் தேவையின்றி வெளியிடுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தனியார் விவரத்துக்குத் திரை வேண்டும் என்பது சரியே. ஆனால் அந்தத் திரை பொதுக் கணக்கையும் மூடிவிடலாகாது. திரை இறுகும் அளவுக்கு, அரசாங்கம் தானே வெளியிடும் தொகைக் கணக்கு நுட்பமாகவும் விரைவாகவும் அமைய வேண்டும். இல்லையேல், செலவு செய்து ஆலோசகர்களை வைத்துக்கொள்ளக் கூடியவர் எப்படியோ அறிந்துகொள்வர். மற்றவர் இருளில் இருப்பர்.

இரண்டையும் இணைக்க முடியும் என்பதற்கு எஃகுத் துறையே அண்மையில் வழி காட்டியது. 2019 நவம்பர் முதல், எஃகை இறக்குமதி செய்பவர் சரக்கு வருமுன்பே இணையத்தில் பதிவு செய்துகொள்ளும் முறை நடைமுறைக்கு வந்தது. வரப்போகும் சரக்கைப் பற்றி அரசாங்கத்துக்கும், எஃகு செய்வோருக்கும், எஃகை வாங்குவோருக்கும் முன்னறிவு தருவதே அதன் நோக்கம். வாங்குவோரையும் சேர்த்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. எஃகு ஆலைக்குப் பாதுகாப்பாக அமையும் தீர்வை, அந்த எஃகை வாங்கிப் பாத்திரமும் பம்பும் செய்பவனுக்குச் சுமையாகலாம். ஒரே கணக்கு இருவர் கையிலும் இருந்தால், இருவரும் தத்தம் வழக்கை நேர்மையாக எடுத்துரைக்க இயலும். தொடர்ந்து செம்பு, அலுமினியம், நிலக்கரி, காகிதம் முதலியவற்றுக்கும் இத்தகைய முறை விரிந்தது. 1924-இல் எஃகுச் சட்டத்தைத் தடுமாற வைத்த காலதாமதத்துக்கு, தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின் மருந்து தேடப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு மூன்று சொற்களில் அடங்கும்: உரிமை, நுட்பம், விரைவு. கணக்கைப் பார்க்கும் உரிமை நம் மக்களுக்கு நெடுங்காலப் போராட்டத்தின் பயனாகக் கிடைத்தது. பண்டத்தைப் பெயர் சொல்லி அறியும் நுட்பம் வகைப்பாடுகளால் வளர்ந்து வருகிறது. விரைவை இயந்திரங்கள் அருளியிருக்கின்றன. எஞ்சி நிற்பது ஒன்றே: அந்தக் கணக்கு பெரிய ஆலையின் அலுவலகத்தோடு நின்றுவிடாமல், சிறு பட்டறையின் வாயில் வரை சென்று சேர்வது. மாவட்டத் தொழில் மையங்களும், தொழிலாளர் கூட்டுறவுகளும், சிறு உற்பத்தியாளர் சங்கங்களும் மாதந்தோறும் தத்தம் பண்டத்தின் வரவையும் விலையையும் தாய்மொழியில் எழுதித் தம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தாலும் போதும். அப்பலகையைப் படிக்கும் ஒரு பட்டறைக்காரர், அடுத்த மாதத்துக்கு எவ்வளவு தகடு வாங்குவது, எத்தனை ஆட்களை வைத்துக்கொள்வது, என்ன விலை சொல்வது என்று தாமே கணக்கிட்டுத் தீர்மானிக்கலாம்.